நான் ஏன் 1 அனுப்பவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று மத்தியானம் நீ அனுப்பிய செய்தியை அப்போதே பார்த்துவிட்டேன். பார்க்கவில்லையோ என்று நினைத்து மறுபடியும் அனுப்பினாய், பிறகு உன் அப்பாவின் போனுக்கும் அனுப்பினாய். "அம்மா, இதான் கடைசி. மேடம் ஓகே சொல்லிட்டாங்க. திங்கக்கெழம ஏத்திடுவோம். படிச்சிட்டு சரின்னா 1 போடு, போதும்." இவ்வளவுதான் நீ எழுதியிருந்தது. அவசரத்தில் எழுதியிருப்பாய். விசா, பெட்டி, அறையைக் காலி செய்வது என்று உனக்கு ஆயிரம் வேலை. ஆனால் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன், பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. துணி காயப்போட மாடிக்குப் போய், வாளியை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்தேன். "ஒரு நம்பர அமுக்கறதுக்கு இவ்ளோ யோசனையா" என்றார் உன் அப்பா. அவருக்குச் சொல்ல வேண்டியதும் இதற்குள்தான் இருக்கிறது.

நான் 1 அனுப்ப மாட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நான் வழக்கமாக வாசகர் கடிதம் எழுதுகிற பத்திரிகைக்கும் ஒரு பிரதி போகிறது. உன் பெயரோ நீ வேலை செய்யும் இடமோ இதில் வராது. அம்மா வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவருகிறாள் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். இது வீட்டுச் சண்டை என்று நான் நினைக்கவில்லை.

படிக்கிறவர்களுக்காக, நீ செய்கிற வேலை எது என்பதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்லிவிடுகிறேன். ஒரு நோய்க்கு ஒரு வைத்தியம். அது பலிக்கிறதா என்று பல நாடுகளில் பலர் ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒருவர் பலிக்கிறது என்கிறார், இன்னொருவர் கொஞ்சம் பலிக்கிறது என்கிறார், மற்றொருவர் இல்லை என்கிறார். உன் குழு அத்தனையையும் தேடி எடுத்து, பிடித்தது பிடிக்காதது என்று ஒதுக்காமல், ஒரே அளவுகோலில் எடைபோட்டு, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இதுதான் என்று சொல்கிறது. முறையான மீளாய்வு என்று அதற்குப் பெயர். டாக்டர்களும் அதிகாரிகளும் ஒவ்வொரு ஆராய்ச்சியாகப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், இந்த ஒன்றைத்தான் படிப்பார்கள் என்று சொன்னாய். நீ சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்கு வெளியே நம் பேப்பர் கடையில் உட்கார்ந்து வருஷக்கணக்காக நான் செய்துகொண்டிருந்ததும் அதைத்தான். உன் அப்பா கட்டுகளைப் பிரித்து அடுக்குவார். நான் ஒரே செய்தியை எல்லாப் பேப்பரிலும் படிப்பேன். எந்தப் பேப்பர் எதை ஊதுகிறது, எது எதை அமுக்குகிறது என்று கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். ஒரு பேப்பரிலும் இல்லாதது எது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இருப்பது கண்ணில் படும். இல்லாதது படாது.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு இதை முழுதாகச் சொன்னதில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் நம் ஊரில், இப்போது உன் சின்னம்மா இருக்கிற அதே தெருவில், குடிக்கத் தண்ணீர் இல்லை. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்கள் காலிக் குடங்களோடு போய் ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறித்தார்கள். நானும் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு ஆண் பிள்ளை உட்காரவில்லை. அவர்கள் எல்லாரும் எதிரே டீக்கடையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் ஒரே தலைப்பு: 'குடிநீர் கேட்டு பொதுமக்கள் சாலை மறியல்.' ஒரு பேப்பரும் பொய் எழுதவில்லை. நாங்களும் பொதுமக்கள்தான். ஆனால் எல்லாப் பேப்பரையும் சேர்த்து வைத்துப் படித்தாலும் அங்கே உட்கார்ந்திருந்தது பெண்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. குழாய் வந்தது. பொதுமக்கள் கூடுகிற இடம் என்று அந்த டீக்கடைப் பக்கத்திலேயே போட்டார்கள். அப்புறம் பல வருஷம், கடை மூடுகிறவரைக்கும் காத்திருந்து, ஆண்கள் எல்லாம் போன பிறகுதான் உன் சின்னம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். குழாய் இருந்ததா என்று கேட்டால் இருந்தது. அதில் தண்ணீர் வந்ததா என்றால் வந்தது.

உங்கள் குழு எடுத்துக்கொண்டிருக்கிற கேள்வியும் எனக்கு அந்தக் குழாய் மாதிரிதான் தெரிகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு, மாத்திரை போடச் சொல்லி தினமும் போனில் செய்தி அனுப்பினால், மறக்காமல் ஒழுங்காகப் போடுகிறார்களா? நல்ல கேள்வி. முதலில் நீ சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன். அப்புறம்தான் அதே மாதிரி ஒரு திட்டம் உன் சின்னம்மா ஊருக்கு வந்தது. யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். திட்டத்துப் பிள்ளைகள் வந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை இருக்கிறது என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், போன் நம்பர் கேட்டார்கள். அவளிடம் ஏது போன்? ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை செய்கிற மகனின் நம்பரை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்த நம்பர் மட்டும் தலைகீழாகத் தெரியும்.

தினமும் காலையில் செய்தி வந்தது. 'இன்று மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா? ஆம் என்றால் 1 அனுப்பவும்.' வந்தது எங்கே? ஒரகடத்துக்கு. அவள் மகனின், அதாவது உன் தம்பியின், சட்டைப் பைக்கு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற நாளில் உன் சின்னம்மா கொல்லையிலேயே மயங்கி விழுந்து, வண்டியில் போட்டு இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்களே, அப்போது அவளோடு நான்தான் தங்கினேன். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு டாக்டரே என்னைத் திட்டினார். வீட்டிலிருந்து அவளுடைய துணிப்பையை எடுத்துவரச் சொன்னேன். மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே அதற்குள் கிடந்தன. ஏன்டி என்று கேட்டதற்கு, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு கொல்லை வேலைக்குப் போனால் தலை சுற்றுகிறது, சோறு வருவதற்கு நேரமாகிறது, அதனால் நிறுத்திவிட்டேன் என்றாள். யாரிடமாவது கேட்டாயா என்றேன். "யாரக் கேக்கறது? வந்தவங்கதான் போய்ட்டாங்களே" என்றாள்.

உன் தம்பி லீவு போட்டுவிட்டு ஓடிவந்தான். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனைப் பிடித்துக்கொண்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உன் ஆய்வுக்கு நான் கொடுக்கக்கூடிய சாட்சி அது ஒன்றுதான். "பெரிம்மா, ஒண்ணு அமுக்கலன்னா மறுபடி மறுபடி வந்துக்கினே இருக்கும். லைன்ல நிக்கும்போது போன எடுத்தா சூப்பர்வைசர் கத்துவான். பாத்ரூம் போறப்ப ஒண்ணு அமுக்கி உட்டுடுவேன். அப்பறம் வராது." அம்மா மாத்திரை போட்டாளா என்று ஒரு தடவையாவது கேட்டாயாடா என்றேன். "ராத்திரி பேசறப்ப கேக்கலாம்னு நெனப்பேன், மறந்துடும். தெனம் கேக்குறாங்களே, அவங்க பாத்துக்குவாங்கன்னு இருந்துட்டேன்" என்றான். சொல்லிவிட்டு அழுதான். அவனை நான் என்ன சொல்ல?

நான் சும்மா இருப்பேனா? அந்தத் திட்டத்தின் ஆபீஸைத் தேடிப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் இருந்தது. நல்ல பெண், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தது. தேடிப் பார்த்துவிட்டு முகம் மலர, "உங்க தங்கச்சி ரொம்ப கரெக்டா இருக்காங்கம்மா. டெய்லி பதில் வந்திருக்கு" என்றது. நான் ஒரகடத்துக் கதையைச் சொன்னேன். அதற்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும், "பதில் வந்தா போட்டதாத்தான்மா எடுத்துக்குவோம்" என்றது. ஆக, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தவள், அந்தத் திரையில் ஒழுங்காக மாத்திரை போட்டுக் குணமாகிக்கொண்டிருந்தாள். அந்தத் திட்டத்தை ஒருவர் ஆராய்ச்சியாக எழுதுவார். அந்த ஆராய்ச்சியை உன் குழு எடைபோடும். உன் சின்னம்மா பலித்தவர்கள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த வாரம் நீ வந்தாய். பௌர்ணமிக்கு வராதே, கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று சொல்லியும் கேட்காமல் சென்னையிலிருந்து நின்றுகொண்டே வந்தாய். அடி அண்ணாமலை வரைக்கும் கூட்டம், ஆட்டோவும் உள்ளே வரவில்லை, வேங்கிக்காலில் நம் வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தாய். செருப்பைக் கழற்றுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். இதெல்லாம் எங்களைப் போன்ற பெண்களுக்குப் பலிக்காது என்று உன் ஆய்வில் எழுது என்றேன். நீ எழுத முடியாது என்றாய். "சின்னம்மா ஒருத்தங்கம்மா. ஒருத்தர வச்சி எல்லாரும் அப்படித்தான்னு எப்படி எழுதறது? வேற ஊர்ல வேற பொம்பளைங்களுக்கு இது உதவியிருக்கலாம். உதவாமலும் போயிருக்கலாம்." ஒருத்தங்களா, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் உனக்கு ஒருத்தங்களா என்று நான் கத்தினேன். நீ கத்தவில்லை. லேப்டாப்பைத் திறந்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாய்.

நீங்கள் தேடி எடுத்த ஆராய்ச்சிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. யார் யாரைச் சேர்த்தார்கள், ஆணா பெண்ணா, நகரமா கிராமமா, படித்தவர்களா, எவ்வளவு வசதி என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாய். முக்கால்வாசிக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. சிலர் வாசிக்கத் தெரியாதவர்களை முதலிலேயே சேர்க்கவில்லை. சிலர் சொந்தப் போன் இல்லாதவர்களைச் சேர்க்கவில்லை. பெண்களைச் சேர்த்தவர்கள்கூட, பெண்களுக்கு மட்டும் என்ன ஆனது என்று தனியாகச் சொல்லவில்லை. எல்லாரையும் கூட்டிச் சராசரி சொல்லிவிட்டார்கள். "இதாம்மா எங்கிட்ட இருக்கறது. பலிக்காதுன்னு சொல்றதுக்கும் இதுல ஆதாரம் இல்ல. இவங்களப் பத்தி யாரும் எழுதல, அதான் உண்மை" என்றாய். இந்த மாதிரி மீளாய்வுகளில் சமநீதியை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு வழிகாட்டியே இருக்கிறது என்றும் நீதான் சொன்னாய். யாரைப் பற்றித் தேடினோம், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, இந்த முடிவு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது, எல்லாவற்றையும் சுருக்கத்திலேயே சொல்லிவிட வேண்டுமாம். அப்படியென்றால் ஏன் எல்லாரும் எழுதுவதில்லை என்று கேட்டேன். கட்டாயம் இல்லை, இடம் இல்லை, நேரம் இல்லை என்றாய். நீ எழுதுவாயா என்றேன். எழுதுவேன் என்றாய். அன்றைக்கு நான் ஒத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் நீ சொன்னது சரி. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, நான் சொல்லச் சொன்னதைவிடப் பலமானது. அதற்கப்புறம் பலிக்காது என்று எழுது என்று நான் கேட்டதே இல்லை, நீயே சொல்.

பிறகுதான் அந்தத் தமிழ்ச் சுருக்கம் வந்தது. சாதாரண ஜனங்கள் படிப்பதற்காக ஒரு பக்கத்தில் தமிழில் எழுதுகிறோம், படித்துப் புரிகிறதா என்று பார்த்துச் சொல் என்று அனுப்பினாய். கீழே ஒரு வரி: 'பொதுமக்கள் தரப்பில் படித்துச் சரிபார்த்தவர்' என்று போட்டு, பக்கத்தில் என் பெயர். பாப்பா, அந்த வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. அதே பொதுமக்கள் என்ற சொல். ஆனால் இந்தத் தடவை அதற்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

நீ ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது விண்ணப்பத்தை நீயே நிரப்பினாய். தாயின் கல்வித் தகுதி என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாய். ஏன்டி, நான் அஞ்சாவது வரைக்கும் போயிருக்கிறேனே, கடையில் வருகிற பேப்பர், வாரப் பத்திரிகை, பொட்டலம் மடித்த தாள் உட்பட ஒன்று விடாமல் படிக்கிறேனே, இல்லை என்றா எழுதுவது என்று கேட்டேன். நீ தலையைத் தூக்காமல், "சர்டிபிகேட் இருக்கா?" என்றாய். இருந்தால்தானே? உன் அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை, இன்றுவரை சிரிக்கவில்லை. நீ மறந்திருப்பாய், நான் மறக்கிறவள் இல்லை. ஆகவே, ஆராய்ச்சிப் பத்திரிகையில், உலகத்தில் யார் தேடினாலும் கிடைக்கிற இடத்தில், படித்துச் சரிபார்த்தவர் என்று என் பெயர் வரப்போகிறது என்றால் எனக்கு அது எவ்வளவு என்பதை நீ கொஞ்சம் நினைத்துப் பார். நினைத்துப் பார்த்துவிட்டு மேலே படி.

அந்தச் சுருக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. 'ஆண், பெண், கிராமம், நகரம், படித்தவர், படிக்காதவர் என்ற அடிப்படையில் வேறுபாடு தெரியவில்லை.' படித்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. உன் அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, "நல்லதுதான? எல்லாருக்கும் ஒரே மாதிரி வேல செய்யுதுன்னு போட்டிருக்கு" என்றார். உடனே உனக்குப் போன் போட்டேன். பொய் எழுதியிருக்கிறாய் என்றேன். எங்கே பொய், தெரியலன்னுதானே எழுதியிருக்கேன் என்றாய்.

"வேறுபாடு தெரியலன்னா வேறுபாடு இல்லன்னுடி அர்த்தம்."

"இல்லம்மா, தெரியலன்னா தெரியலன்னுதான் அர்த்தம்."

நீயும் நானும் மாற்றி மாற்றி இதையே சொல்லிக்கொண்டிருந்தோம். நடுவில் உன் அப்பா, ரெண்டு பேரும் ஒன்றைத்தானே சொல்கிறீர்கள் என்றார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. குழம்பை வாயில் வைத்து உப்பு தெரியல என்றால், உப்பு கம்மி என்று அர்த்தம். அவன் எங்கே போனான் என்று கேட்டு, தெரியல என்றால், எனக்குத் தெரியாது என்று அர்த்தம். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். பார்த்தோம், வேறுபாடு கண்ணில் படவில்லை என்பதும் தெரியவில்லை. பார்க்கவே இல்லை, அதனால் வேறுபாடு உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்பதும் தெரியவில்லை. நீ இரண்டாவதை நினைத்து எழுதினாய். படிக்கிறவர்கள் முதலாவதைத்தான் படிப்பார்கள். உன் அப்பா படித்தார். நாளைக்கு ஒரு அதிகாரியும் படிப்பார், எல்லாருக்கும் ஒன்றுதான் என்று மேஜைமேல் வைத்துக் கையெழுத்துப் போடுவார். டீக்கடைப் பக்கத்தில் குழாய் வந்துவிடும்.

நீ அதை ஒத்துக்கொண்டாய். நீயே மாற்றி எழுதேன் அம்மா என்றாய். நான் எழுதி, அடித்து, மறுபடி எழுதி இதை அனுப்பினேன்: 'பெரும்பாலான ஆய்வுகள், பெண்களுக்கும் கிராமத்தில் இருப்பவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் என்ன ஆனது என்று தனியாகச் சொல்லவில்லை. சொந்தப் போன் இல்லாதவர்களைச் சில ஆய்வுகள் சேர்க்கவே இல்லை. ஆகவே இவர்களுக்கு இது பயன்படுமா என்பது எங்களுக்குத் தெரியாது.' நன்றாக இருக்கிறது என்றாய். அதற்கப்புறம் நேற்று வந்த கடைசி வடிவத்தைத் திறந்தால், பழைய வாக்கியமே உட்கார்ந்திருக்கிறது. வேறுபாடு தெரியவில்லை. ஏன் என்று உன் அப்பா போன் போட்டபோது சொல்லியிருக்கிறாய். நான் எழுதியது நீளமாம். ஆங்கிலக் கட்டுரையில் உள்ளே ஒரு பக்கத்தில் விளக்கமாக இருக்கிறதாம், அது போதுமாம். அதோடு, எங்களுக்குத் தெரியாது என்று நாமே எழுதினால் நம் ஆய்வை யார் நம்புவார்கள் என்று உங்கள் மேடம் கேட்டாராம்.

உங்கள் மேடத்தை நான் பார்த்ததில்லை. நிறையப் படித்தவர், உன்னை நல்லபடியாக நடத்துகிறவர், வெளிநாட்டு வேலைக்கு உனக்குச் சிபாரிசு எழுதிக் கொடுத்தவர். அவரைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் அவர் வேண்டாம் என்கிற அந்தச் சொல்லைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். கடையை விட்டு இந்தப் பக்கம் குடிவந்ததிலிருந்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வருகிறவர்கள் சிலருக்கு நான் எழுதிக்கொடுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கு வருகிற பதில்களையும் நான்தான் படித்துச் சொல்கிறேன். 'பரிசீலிக்கப்படும்.' 'நடவடிக்கை எடுக்கப்படும்.' யார் பரிசீலிப்பார்? யார் எடுப்பார்? அந்த வாக்கியங்களுக்குள் தேடினால் ஒரு ஆள் கிடைக்க மாட்டார். ஆள் இல்லாத வாக்கியத்திடம் போய் நாம் என்ன கேட்க முடியும்? தெரியவில்லை என்பதும் அப்படித்தான். அதில் தெரியாதவர் யார் என்று இல்லை. எங்களுக்குத் தெரியாது என்றால் ஒருவர் நிற்கிறார். அவரிடம் போய், ஏன் தெரியாது, எப்போது தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்கலாம். அடுத்து ஆராய்ச்சி செய்ய வருகிறவருக்கும், ஓகோ, இவர்களைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று தோன்றும். உள்ளே ஒரு பக்கத்தில் இருந்தால் போதும் என்கிறாய். உள்பக்கம் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று பேப்பர் கடைக்காரியிடமா சொல்கிறாய்? தலைப்பைப் படித்துவிட்டு மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள்தான் ஜாஸ்தி.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. போகிற நேரத்தில் மேடத்தோடு மனக்கசப்பு வேண்டாம் என்று நினைக்கிறாய். உன் அப்பாவும் அதையேதான் சொல்கிறார், பாப்பா ஊருக்குப் போற நேரத்தில் ஏன் அதைப் போட்டுக் குடைகிறாய் என்று நேற்றிலிருந்து என் பின்னாலேயே வருகிறார். நீ போகப்போகிற ஊரில் இந்த மாதிரி ஆய்வுகள் இன்னும் பெரிதாக நடக்கும், இன்னும் பெரிய மேடங்கள் இருப்பார்கள், அங்கேயும் தாளில் இடம் இருக்காது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வெட்டுவது உன் சின்னம்மாவின் வரியைத்தான். சராசரியை யாரும் வெட்ட மாட்டார்கள். இதை இங்கேயே, உனக்குத் தெரிந்த மொழியில், உன்னைத் தெரிந்தவர்களிடம் கேட்க முடியவில்லை என்றால், அங்கே போய் எப்படிக் கேட்பாய்? இடம் இல்லை என்றால் வேறு எதையாவது எடுக்கச் சொல். முதல் பத்தியில், இந்தச் செய்திகள் எவ்வளவு மலிவு, எவ்வளவு சுலபம் என்று இரண்டு வாக்கியம் இருக்கிறது. அதை எடுத்தால் என் வாக்கியம் தாராளமாக உட்காரும். நான் எண்ணியும் பார்த்துவிட்டேன்.

அது முடியாது என்று அவர் சொன்னால், கீழே இருக்கிற என் பெயரை எடுத்துவிடு. படித்துச் சரிபார்த்தவர் என்று போட்டிருக்கிறீர்கள். நான் படித்தேன். அது சரியில்லை என்று சொன்னேன். சரிபார்த்தேன் என்று என் பெயரில் எப்படிப் போடுவீர்கள்? அந்த வரி எனக்கு எவ்வளவு என்பதை மேலே எழுதிவிட்டேன், மறுபடி எழுத மாட்டேன். எடுத்துவிடு. இதைக் கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, கோபம் நேற்றே ஆறிவிட்டது. இப்போது இருப்பது வேறு.

உன் சின்னம்மா இங்கேதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் மாசத்துக்கு ஒரு தடவை மருந்து வாங்க வருகிறாள், வந்தால் ஒரு நாள் தங்குவாள். இப்போது சாப்பிட்ட பிறகு போடுகிற மாதிரி மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், தலைசுற்றல் இல்லை என்கிறாள். யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்டதும் அது சரியாகிவிட்டது. அவளைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், "என் பேரப் போடாத. நாலு பேரு என்ன நெனப்பாங்க" என்றாள். போடவில்லை. நீ அனுப்பியதை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு அதில் அக்கறை இல்லை. நீ இவ்வளவு தூரம் தனியாகப் போகிறாயே, அங்கே சோறு கிடைக்குமா, குளிருமா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். உன் செய்தியின் கடைசியை மட்டும் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுதானக்கா கேக்குது பாப்பா? அமுக்கி உடேன். பாவம், காத்துக்கினு இருக்கும்." சொல்லிவிட்டு என் போனைக் கையில் எடுத்தாள். எண்களில் 1 அவளுக்குத் தெரியும். விரலைக் கொண்டுபோய்விட்டாள்.

நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் பதில் சொல்லாமலே அவள் பெயரில் தினமும் ஒரு 1 போய்க்கொண்டிருந்தது. என் பெயரிலும் ஒன்று போக வேண்டாம். திங்கட்கிழமை காலையில் நீங்கள் அந்தச் சுருக்கத்தை ஏற்றுவதற்கு முன்னால் இது உனக்குக் கிடைக்க வேண்டும் என்று, உன் அப்பாவிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டாய் என்றால் எண் எதுவும் அனுப்பாதே. போன் போடு. எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
(கல்வித் தகுதி: நீயே எழுதிக்கொள்)